மலாக்காவில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள்



நம் நெகிரி செம்பிலான் தமிழ்ப்பள்ளிகளில் கல்விச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் மலாக்காதான். விடிந்தும் விடியாத பொழுதில் பேருந்து புறப்படும். ஒன்றரை மணி நேரத்தில் செந்நிறக் கட்டடத்தின் முன் இறங்குவோம். படம் எடுப்போம், குன்றின் அடியிலுள்ள கோட்டை வாயிலைப் பார்ப்போம், அருங்காட்சியகம் ஒன்றில் வரிசையாக நுழைந்து வரிசையாக வெளிவருவோம், உணவுப் பொட்டலத்தைப் பிரிப்போம், மாலைக்குள் மம்பாவ் திரும்பிவிடுவோம். நூறு பிள்ளைகளைப் பத்திரமாக அழைத்துச் சென்று பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவதே பெரும்பணி என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆகவே அதைக் குறைகூற வரவில்லை. ஆயினும் பகலில் மட்டும் பார்த்த நகரம் பாதி நகரமே. சென்ற பள்ளி விடுமுறையில் என் கணவரோடும் பிள்ளைகளோடும் மலாக்காவின் பழைய நகரத்துக்குள்ளேயே ஈரிரவு தங்கினேன். மற்றைப் பாதியைக் கண்டது அப்போதுதான். அதைப் பற்றியே இப்பதிவு.

பிள்ளைகள் கேட்டது நீச்சல் குளம் உள்ள விடுதி. நான் தேர்ந்ததோ ஆற்றுக்கு அப்பால், பழைய கடைவீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் உள்ள சிறிய விடுதி. அறைக்கு ஓர் இரவுக்கு 130 வெள்ளி. மின்தூக்கி இல்லை, குளம் இல்லை, காலை உணவாக ரொட்டியும் காப்பியும் மட்டும். மாடிப்படி ஏணியைப் போல் செங்குத்தாக இருந்தது. பலகைத் தரை ஒவ்வோர் அடிக்கும் முனகியது. எங்கள் அறையின் சன்னல் தெருவை நோக்கித் திறக்கவில்லை. வீட்டின் நடுவே வானம் பார்த்துத் திறந்து கிடந்த சிறு முற்றத்தை நோக்கித் திறந்தது.

அந்த முற்றமே எங்கள் முதல் பாடமாயிற்று. மலாக்காவின் பழைய வீடுகள் முகப்பில் குறுகியவை; உள்ளே மிக நீண்டவை. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். அப்படியானால் நடுவீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் எவ்வழி வரும்? கூரையைத் திறந்துவிட வேண்டியதுதான். மழை முற்றத்தில் விழும். வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறும். முகப்பில், நம் பெரியவர்கள் அஞ்சடி என்று சொல்லும் நடைவழி, வெயிலுக்கும் மழைக்கும் நிழல் தருகிறது. மின்விசிறி இல்லாத காலத்தில் வெப்பநாட்டு நகரமொன்றில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பாடநூலின் எத்தனை பக்கங்கள் விளக்கினாலும், அந்த முற்றத்தருகே படுத்து ஒரு மழையைக் கேட்டதற்கு ஈடாகாது.

விடுதியை நடத்தியவர் எழுபதைத் தாண்டிய சீன மூதாட்டி. நான் ஆசிரியை என்று அறிந்ததும் "சிக்கு" என்றே அழைக்கலானார். இரவில் முற்றத்தருகே அமர்ந்து மலாயில் உரையாடினோம். அந்த வீட்டில் முன்பு மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருந்தனவாம். கீழே தையற்கடை, மேலே இரண்டு குடும்பங்கள், முற்றத்துக் கிணறு எல்லார்க்கும் பொது. "முன்பெல்லாம் விடியற்காலையில் இத்தெருவில் பள்ளிப் பிள்ளைகளின் காலடி ஓசை கேட்கும். இப்போது பெட்டி இழுத்துப் போகும் சக்கர ஓசைதான் கேட்கிறது, சிக்கு" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு விழித்தபோது அந்தச் சக்கர ஓசையே எங்களை எழுப்பியது.

அந்தக் குடும்பங்கள் எங்கே போயின? இதற்கு விடை ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கு வாடகையை உயர்த்தாமல் கட்டுப்படுத்தி வைத்திருந்தது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடு 1999 இறுதியில் முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகை சந்தை விலைக்கு ஏறியது. எளிய தையற்காரரும் தச்சரும் அதைக் கட்ட முடியாமல் வெளியேறினர். வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு: கிடைத்த சொற்ப வாடகையில் கூரை ஓட்டை மாற்றவும் இயலாமல் பல வீடுகள் சிதைந்துகொண்டிருந்தன. பின்னர், 2008 சூலையில் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வந்தது, பயணிகளும் வந்தனர். வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் நினைவுப்பொருள் கடைகளாகவும் மாறின. ஒன்றில் நாங்களே தங்கினோம்.

இது மலாக்காவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இத்தாலியின் வெனிசு நகரை எண்ணிப் பாருங்கள். 1951இல் அதன் பழைய நகரப் பகுதியில் ஏறத்தாழ 175,000 பேர் குடியிருந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. மாளிகைகள் நிற்கின்றன, படகுகள் மிதக்கின்றன, குடியிருந்தோர்தாம் இல்லை. இவ்விரு நகரங்களுக்கும் பழைய உறவு ஒன்றுண்டு. மலுக்குத் தீவுகளின் கிராம்பு மலாக்கா வழியாக இந்தியக் கரைக்கும், அங்கிருந்து செங்கடல் வழியாக வெனிசுக்கும் சென்றது. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்ததன் நோக்கங்களுள் ஒன்று அந்தப் பழைய வழியை அறுப்பது. அடுத்த சில ஆண்டுகளில் இங்கு வாழ்ந்து நூல் எழுதிய தோமே பிரேஸ் என்னும் போர்த்துக்கீசியர், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று குறித்திருக்கிறார். சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்துக்கு நான்கு சபண்டார்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், இருந்தனர். அவர்களுள் ஒருவர் தமிழ் வணிகர் உள்ளிட்ட கீழைக்கடற் பகுதியினரைக் கவனித்துக்கொண்டார். அந்த 84 மொழிகளுள் நம் மொழி பின்வரிசையில் இருந்திருக்க முடியாது.

அந்தத் தமிழ் என்னவாயிற்று என்பதைத்தான் மறுநாள் கண்டோம்.

காலை ஏழு மணிக்கு, கடைகள் திறவாத வேளையில், துக்காங் எமாஸ் தெருவில் நடந்தோம். அத்தெருவிலும் அதன் தொடர்ச்சியிலும் பொய்யாத விநாயகர் கோயிலும், கம்போங் கிளிங் பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. விநாயகர் கோயில் 1781இல், டச்சுக்காரர் ஆட்சியில் வழங்கப்பட்ட நிலத்தில் மலாக்கா செட்டிச் சமூகத்தின் தலைவரால் எழுப்பப்பட்டது. பள்ளிவாசல் 1748இல் இந்திய முசுலிம் வணிகர் எழுப்பியது. அதன் கோபுரம் சீனப் பகோடாவைப் போல் அடுக்கடுக்காக உயர்ந்திருக்கும். பத்து மணிக்கு மேல் இத்தெருவில் மிதிவண்டி ரிக்சாக்களின் ஒலிபெருக்கிப் பாட்டுத்தான் கேட்கும். ஏழு மணிக்குக் கோயில் மணி கேட்டது, சாம்பிராணி மணத்தது. பகற்சுற்றுலாவில் இது கிடைக்காது.

மாலையில் காஜா பெராங் பகுதியிலுள்ள செட்டிக் குடியிருப்புக்குச் சென்றோம். மாவிலைத் தோரணம் கட்டிய வாசல்கள். தெருவுக்குத் தெரு கோயில். பெயர்ப்பலகைகளில் பிள்ளை, நாயக்கர், படையாட்சி எனப் பழகிய பெயர்கள். மாரியம்மன் கோயிலின் அருகே சரோங்கு அணிந்த ஒரு பாட்டியைக் கண்டு கைகூப்பித் தமிழில் பேசத் தொடங்கினேன். அவர் சிரித்தார், கைகூப்பினார், மலாயில் மறுமொழி சொன்னார். பொங்கலுக்கு முந்திய நாளில் இறந்த முன்னோர்க்கு வாழையிலையில் படையல் இடுவதையும், திருவிழாவில் அம்மன் ஊர்வலம் வருவதையும் அழகிய மலாயில் விளக்கினார். "சாமி தமிழ், பெயர் தமிழ், நாக்கு மட்டும் மலாய்" என்று தாமே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி நடக்கும்போது நான்காம் ஆண்டில் பயிலும் என் மகன் கேட்டான்: "அம்மா, அந்தப் பாட்டி தமிழரா?"

"நம்மைப் போலவே கப்பலில் வந்தவர்களின் வழியினர். நமக்கு முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன்னே வந்தவர்கள்" என்றேன்.

"பிறகு ஏன் தமிழ் பேசவில்லை?"

நான் மறுமொழி சொல்லுமுன் என் மகள் சொன்னாள்: "பெரியப்பா வீட்டில் மட்டும் பேசுகிறார்களா? அங்கே முந்நூறு ஆண்டு ஆகவில்லையே."

என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது தொலைவு நால்வரும் பேசாமலே நடந்தோம்.

செட்டிகளைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. வணிகத்துக்கு வந்த ஆடவர் இங்குள்ள மகளிரை மணந்தனர். தாயின் மொழி பிள்ளையின் மொழியாயிற்று. டச்சுக்காரர் காலத்தில் வணிகம் கைநழுவ, அவர்கள் நகர நடுவை விட்டு வெளியேறி உழவும் கைத்தொழிலும் செய்து வாழ்ந்தனர். தமிழ் கற்பிக்கும் பள்ளி என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. நம் நாட்டில் பள்ளிவழித் தமிழ்க் கல்வி தொடங்கியது 1816இல் பினாங்கில். செட்டிகளோ அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இம்மண்ணில் வேரூன்றியவர்கள். இத்தனைக்கும் இடையே அவர்கள் கோயிலையும் படையலையும் பெயரையும் காத்தது அரிய செயல். ஆயினும் கோயில் காக்கப்பட்டால் மொழியும் தானே காக்கப்பட்டுவிடும் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதற்குச் சான்று, நம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது.

நம் தோட்டங்களிலும் இதையே காண்கிறோம். மரங்கள் சாய்க்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் எழுந்தபோது லயங்கள் போயின, சனங்கள் சிதறினர். பல இடங்களில் கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்கு எல்லாரும் காரில் வந்து கூடுகிறோம். பள்ளிகளின் நிலையும் எண்ணத்தக்கது. நாடு விடுதலை பெற்ற 1957இல் 800க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் உள்ளன. அவற்றுள் பல, 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்டவை. புதிய கட்டடத்துக்கு மானியம் கேட்டுப் போராடுகிறோம், போராட வேண்டியதுதான். ஆனால் முகப்பு அழகாக நின்று உள்ளே குடியிருப்போர் இல்லாத மலாக்கா வீட்டைப் போல் நம் பள்ளியும் ஆகிவிடக் கூடாது. குடியிருப்போர் என்று நான் சொல்வது, வீட்டில் தமிழ் பேசிவிட்டு வகுப்பறைக்குள் வரும் பிள்ளைகளை. செட்டிகளுக்குக் கிடைக்காத பள்ளி நமக்கு வாய்த்திருக்கிறது. பள்ளி முடிந்தபின் எஞ்சும் நேரம் பெற்றோரின் கையில் இருக்கிறது.

குடும்பத்தோடு போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். அறை பதியுமுன் சன்னல் உண்டா என்று கேளுங்கள்; கடைவீட்டு விடுதிகளில் சன்னலே இல்லாத அறைகளும் உண்டு. தாத்தா பாட்டியை அழைத்துச் சென்றால் கீழ்த்தள அறையைக் கேளுங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை நடப்பதால் கூட்டமும் ஓசையும் மிகுதி. வார நாள்களில் அமைதி. தெருக்கள் குறுகியவை, காரை எங்கே நிறுத்துவது என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் ஒரு நடை, இரவு பத்துக்கு மேல் ஒரு நடை நடந்து வாருங்கள். எந்த வீட்டில் விளக்கெரிகிறது, எந்த வீட்டில் துணி காய்கிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் என் மகன் எண்ணியபோது துணி காய்ந்த வீடுகள் நான்கு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஓர் இரவு தங்கும் பயணமாக மலாக்காவுக்கு அழைத்துச் செல்லலாமா என்று எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கேட்க இருக்கிறேன். செலவு கூடும், பொறுப்பும் கூடும், மறுப்புகள் வரும் என்பதையும் அறிவேன். இயலவில்லை என்றால், பகற்சுற்றுலாவிலேயே அருங்காட்சியகம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு செட்டிக் குடியிருப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி கேட்பேன். அங்குள்ள பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் முதலில் தமிழில் வணக்கம் சொல்லட்டும். பிறகு நடப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
மம்பாவிலிருந்து ஓர் ஆசிரியை