இரண்டாம் முறை

ஒரு முடிவை முதன்முறை எடுப்பதற்கும் அதனையே இரண்டாம் முறை எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதன்முறை அறியாமையும் நம்பிக்கையும் துணை நிற்கும். இரண்டாம் முறை பட்டறிவு ஒன்றே துணை. அதுவும் சில வேளைகளில் துணையாக இராமல் தடையாகவே நின்றுவிடும். பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் தம் 62ஆம் வயதில் இந்நிலைக்கு ஆளானார். உடற்பருமனைக் குறைப்பதற்காகப் 17 ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட அறுவையை மாற்றி, வேறொரு வகையில் மீண்டும் செய்துகொள்ளலாமா என்பதே அவர்முன் நின்ற வினா.

முதல் அறுவை நடந்தது 2008ஆம் ஆண்டில். அப்பொழுது அவருக்கு வயது 45. உயரம் 155 சென்டிமீட்டர். எடை 102 கிலோ. இனிப்புநீர் நோய் கண்டிருந்தது. மாடி வகுப்புக்கு ஏறி இறங்குவது நாள்தோறும் ஒரு தண்டனையாக இருந்தது. அக்காலத்தில் பரவலாகச் செய்யப்பெற்று வந்த முறை, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் ஒன்றைப் பொருத்துவதாகும். வளையத்தின் உட்புறத்தில் பலூன் போன்ற பை இருக்கும். தோலுக்கடியில் வைத்த சிறு குமிழ் வழியாக ஊசியால் உப்புநீரைச் செலுத்தினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இரைப்பையை வெட்டுவதில்லை, குடலைத் திருப்புவதில்லை, வேண்டாமெனில் கழற்றிவிடலாம் என்ற மூன்றும் அவருக்குத் தெம்பளித்தன. அமெரிக்க நாட்டு மருந்துத் துறை அவ்வளையத்துக்கு 2001ஆம் ஆண்டில் இசைவளித்திருந்தது என்பதையும் அவர் படித்திருந்தார்.

இரண்டே ஆண்டுகளில் 28 கிலோ குறைந்தது. பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் திடல் முழுதும் அவர் நடந்து வந்ததை உடன் பணியாற்றியோர் வியந்து பேசினர். தையற்காரர் இரவிக்கைகளை மூன்று முறை பிடித்துத் தைத்தார்.

பின்னர் எடை திரும்பியது. அது திரும்பிய விதம் கருதத்தக்கது. வளையம் எவ்வுணவையும் ஒன்றுபோல் தடுப்பதில்லை. இட்லி அடைத்துக்கொள்ளும், சப்பாத்தி தொண்டைக்குக் கீழே நின்று வலிக்கும், கோழியிறைச்சியை எண்ணவே வேண்டா. ஆனால் கெட்டிப்பால் கலந்த தே தாரேக் தங்குதடையின்றி இறங்கும். பனிக்கூழும் அப்படியே. நல்லுணவு வேதனை தர, இனிப்பு நீர்மம் வழுக்கிக்கொண்டு செல்லும்பொழுது, பசித்த மனிதர் எதை நாடுவார் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் அறையில் மற்றவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்க, அவர் ஒரு குவளைத் தேநீரோடு ஒதுங்கி அமர்ந்தார். மிகக் குறைவாக உண்பவர் என்று பெயர் பெற்றார். எடை மட்டும் ஏறிற்று.

2023இல் ஓய்வு பெறும்பொழுது எடை 90ஐக் கடந்திருந்தது. இரவில் படுத்தால் புளித்த நீர் தொண்டைவரை ஏறும். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே உறங்கினார். முதல் அறுவை செய்த மருத்துவமனையில் அந்த மருத்துவர் இல்லை; ஆண்டுதோறும் வந்து பார்க்க வேண்டும் என்று ஒருவரும் அவருக்கு அழுத்திச் சொன்னதும் இல்லை. வேறு மருத்துவரிடம் சென்றார். பேரியம் கலந்த நீரைப் பருகச் செய்து எடுத்த ஊடுகதிர்ப் படத்தில், வளையம் இடம் பெயர்ந்திருப்பதும் அதற்கு மேலே உணவுக்குழாய் விரிந்திருப்பதும் தெரிந்தன. வளையத்தை அகற்றியே ஆக வேண்டும். அதன் பின்னர் என்ன செய்வது என்பதில்தான் தெரிவு இருந்தது.

இந்த இடத்தில் அவரை மிகவும் வாட்டியது நோயன்று, நாணம். "அறுவை செய்தும் இப்படியா?" என்று திருமண வீடுகளில் கேட்டனர். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்க்குக் கற்பித்தவர் அவர். அளவறிந்து உண்பதைப் பெரிதும் பேசும் அவ்வதிகாரத்தை அவருக்கே நினைவூட்டிய உறவினரும் இருந்தனர். அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, மருத்துவனுக்கும் முன்னே நோயுற்றவனை வைக்கிறது என்பது மட்டும் அந்த உறவினர் நினைவுக்கு வரவில்லை போலும்! மலேசியாவில் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி வயதுவந்தோருள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். பாதிப் பேருக்கு மேல் உள்ள ஒன்றைத் தனியொருவரின் நாவடக்கக் குறையாகப் பேசுவது விந்தையே.

எடை திரும்புவது புதுமையும் அன்று. சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வின் முடிவுகள் 2007இல் வெளிவந்தன. பத்தாண்டு முடிவில், வளையம் பொருத்திக்கொண்டோர் தொடக்க எடையில் சராசரியாக 14 விழுக்காடும், இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டோர் 25 விழுக்காடும் குறைந்திருந்தனர். எல்லாப் பிரிவினருமே முதல் இரண்டாண்டுகளில் இதைவிட மிகுதியாகக் குறைந்திருந்து, ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றவர்களே. எடை இழந்த உடல் அதனை மீட்கவே முனைகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு மிகுகிறது, ஓய்வில் எரியும் ஆற்றல் குறைகிறது. தோல்வி என்னும் சொல் இங்கே பொருந்தாது. கருவியின் ஆயுள் முடிந்தது என்பதே சரி. பல்லில் வைத்த அடைப்புப் பெயர்ந்து விழுந்தால் பல்லுக்குரியவரை எவரும் பழிப்பதில்லை.

மருத்துவர் முன்வைத்தது இரைப்பை மாற்றுவழி அறுவை. 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த முறையின் வழிவந்தது அது. இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ ஒரு முட்டையளவு பையை மட்டும் பிரித்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பர். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிக் குழல்போல் ஆக்கும் முறை இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவதாயினும், அது நெஞ்செரிச்சலைப் பெருக்கக் கூடும் என்பதால் இவருக்கு உகந்ததன்று என்றார். திருத்த அறுவையில் இடர் முதல் அறுவையைவிட மிகுதி. பழைய வளையத்தைச் சுற்றித் தழும்பு தடித்திருக்கும். உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தைத்த இடத்தில் கசிவு நேரலாம். ஆதலின் முதலில் வளையத்தை அகற்றிச் சில மாதம் ஆறவிட்டு, அதன்பின் அடுத்ததைச் செய்வது ஒரு வழி.

வயது பற்றி அவர் கேட்டார். 2022ஆம் ஆண்டில் உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறை, வயதுக்கு மேல்வரம்பு எதுவும் வகுக்கவில்லை; உடல் தளர்ச்சியையே பார்க்கச் சொல்கிறது. ஆசியர்க்கு எடை வரம்பையும் அது தாழ்த்தியே வைத்தது. அந்த வகையில் அவருக்குத் தகுதி உண்டு. ஆயினும் தகுதி வேறு, தேவை வேறு.

45 வயதில் எத்தனை கிலோ குறையும் என்பதே கேள்வி. 62 வயதில் அதனோடு எத்தனை தசை குறையும், எலும்பு தாங்குமா என்பனவும் சேர்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்பு முன்னமே மெலியத் தொடங்கியிருக்கும். மாற்றுவழி அறுவைக்குப் பின் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் பி12 உயிர்ச்சத்தும் குறைவாகவே உடலில் சேரும். வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்டு, குருதியைச் சோதித்து வர வேண்டும். இன்னொன்றை மருத்துவர் போகிற போக்கில் சொன்னார். அதுவே அவர் நெஞ்சில் தைத்தது. முழங்கால் வலிக்கு அவர் விழுங்கி வந்த டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை இனித் தவிர்க்க வேண்டும். இணைத்த இடத்தில் புண் உண்டாகும். எடை குறைந்தால் முழங்கால் வலி தணியலாம். தணியாவிட்டால் கையிலிருந்த மருந்தும் இல்லை.

ஊசி மருந்து என்னும் மூன்றாம் வழியும் திறந்திருந்தது. வாரம் ஒருமுறை செலுத்தும் செமாகுளுடைடு எடைக் குறைப்புக்கென அமெரிக்காவில் 2021இல் இசைவு பெற்றது. பசியடக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் நிறுத்தியவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கை ஓராண்டிலேயே திரும்பப் பெற்றதாக 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முடிவில்லாச் செலவை ஓய்வூதியம் தாங்குமா என்று அவர் கணக்கிட்டுப் பார்த்தார்.

இவை அனைத்துக்கும் மேலாக வீட்டில் 86 வயதுத் தாயார் இருந்தார். அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் அமர்த்துவது மகளாகிய இவர்தாம். அறுவைக்குப் பின் பல வாரம் பளு தூக்கலாகாது. தூக்கிக்கொண்டே இருந்தாலோ முழங்கால் எத்தனை நாள் தாங்கும்? "இருக்கிற வயித்தையாச்சும் விட்டு வைம்மா" என்றார் தாயார். சிங்கப்பூரிலிருந்த மகன் உடனே செய்துகொள்ளுமாறு வற்புறுத்தினான். கோலாலம்பூரிலிருந்த மகளோ வேறு பேசினாள். "போன தடவை எங்களிடம் சொல்லாமலே செய்துகொண்டீர்கள், அம்மா. இந்தத் தடவை நானும் மருத்துவர் அறைக்கு வருகிறேன்."

இருவருமாகச் சென்றனர். ஆசிரியை கோடிட்ட குறிப்பேட்டில் வினாக்களை எழுதிச் சென்றார். இதுவரை எத்தனை பேருக்கு நீங்கள் திருத்த அறுவை செய்திருக்கிறீர்கள்? அவர்களுள் அறுபது கடந்தவர் எத்தனை பேர்? ஐந்தாண்டு கழித்து என்னைப் பார்க்கப் போவது யார்? கடைசி வினாவைப் படித்துவிட்டு மருத்துவர் சற்று நேரம் பேசவில்லை.

வளையம் அகற்றப்பட்டது. அன்றிரவு ஒரே தலையணையில் உறங்கினார். ஒரு வாரத்துக்குப் பின் தோசை ஒன்றைத் தடையின்றி உண்டு, கண் கலங்கினார். மாற்றுவழி அறுவையைப் பற்றி மூன்று மாதம் கழித்துப் பேசுவதென முடிவாயிற்று. அதற்குள் எலும்பின் அடர்த்தியை அளந்துகொள்ள வேண்டும், தடுப்பின்மையால் எடை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தசையை வலுப்படுத்த வேண்டும். தாயாரைத் தூக்கக் காலையில் ஒரு பெண் வந்து போகிறாள். அவள் வந்து சேருமுன், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியை ஆசிரியை செய்கிறார். தொடக்கத்தில் நான்கு முறைதான் முடிந்தது, இப்பொழுது ஒன்பது.