துவிச்சக்கரவண்டியும் நீராவிச் சுழலியும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதென அமைச்சர் கூறியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று மாலையே விளக்குகள் எரிந்தன. ஆயினும் அடுத்த இரு நாட்களும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. கிளிநொச்சியிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் நான் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கேட்டாள்:

"குரங்குதான் போட்டுதே அப்பா. பிறகேன் இன்னும் கரண்ட் இல்லை?"

நியாயமான கேள்வி. நுரைச்சோலையில் ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுள்ள மூன்று நீராவி இயந்திரத் தொகுதிகள் உள்ளன. அந்த ஞாயிறன்று மூன்றும் ஒருங்கே நின்றுவிட்டன. நின்றுபோன நீராவிச் சுழலியை லொறியைப்போலத் திறப்பைத் திருகிக் கிளப்பிவிட முடியாது. அதன் தண்டு பல தொன் எடையுள்ள உருக்கு. ஒருபுறம் சூடேறி மறுபுறம் குளிர்ந்தால் வளைந்துவிடும். ஆகவே மெல்ல உருட்டி, மெல்லச் சூடேற்றி, படிப்படியாக வேகத்தைக் கூட்டவேண்டும். இடையிலே சில வேகங்களில் தண்டு தானாகவே நடுங்கும். அவ்விடங்களில் ஒரு கணமும் தங்காது விரைந்து கடந்துவிடவேண்டும். எங்கே பொறுப்பது, எங்கே விரைவது என்பதை இக்காலத்தில் மனிதர் பார்ப்பதில்லை. ஓர் இலக்கமுறைக் கட்டுப்பாட்டுக் கருவி பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் ஒரு சீனி ஆலையில் பதினொரு ஆண்டுகள் அத்தகைய கருவியின் முன் அமர்ந்திருந்தவன் நான்.

இதை மகளுக்குச் சொல்லத் தொடங்கியபோது என் கண் சுவரோரம் சாத்தியிருந்த பழைய துவிச்சக்கரவண்டியின்மீது சென்றது. அதன் கதையை விடுத்து இதைச் சொல்ல என்னால் இயலவில்லை.

1996ஆம் ஆண்டு கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து அக்கராயனில் ஒரு கொட்டிலில் இருந்தோம். பொருளாதாரத் தடையினால் பற்றரி கிடைக்காது. மண்ணெண்ணெய் பொன் விலை. வன்னியில் அக்காலம் கண்டவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: வண்டியின் பின்சக்கரத்தை உயர்த்தி நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசும். எங்கள் வீட்டில் மிதிப்பது என் வேலை. "ஒரே சீரா மிதி மோனை" என்பார் அம்மா. மெல்ல மிதித்தால் குரல் தேயும். விரைந்து மிதித்தால் கரகரக்கும்.

அண்ணன் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தானா என்று தெரியாதிருந்த நாட்கள் அவை. ஓர் இரவு, அகதிகள் சென்ற படகொன்று கவிழ்ந்ததாகச் செய்தி வந்தது. 'கவிழ்ந்தது' என்ற சொல் காதில் விழுந்ததும் என் கால்கள் என் சொல் கேட்கவில்லை. வெறிகொண்டவன்போல் மிதித்தேன். வானொலி ஒருமுறை கீச்சிட்டது, புகை மணம் வந்தது, பிறகு ஊமையாயிற்று. மிகுதிச் செய்தி எங்களுக்குக் கேட்கவில்லை.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பாதான், "அவன் என்ன செய்வான்? பிடிச்சு நிப்பாட்ட அதிலை ஒண்டுமில்லையே" என்றார். அண்ணன் மண்டபம் முகாமில் உயிரோடிருக்கிறான் என்ற கடிதம் கைக்கு வர ஒரு மாதம் சென்றது. அந்த ஒரு மாதத்துக்கு நானே காரணம் என்ற எண்ணம் பின்னர் என்னைவிட்டு அகலவேயில்லை.

1998இல் நானும் கடல் கடந்தேன், தொழில்நுட்பம் படித்தேன், ஆலையிற் சேர்ந்தேன். கரும்புச் சக்கையை எரித்து நீராவியாக்கி, அதனாற் சுழலியை ஓட்டி, மின்சாரமும் எடுத்து, அதே நீராவியைச் சாறு காய்ச்சவும் அனுப்புவார்கள். சுழலி நிமிடத்துக்கு 3000 முறை, அதாவது செக்கனுக்கு 50 முறை சுற்றவேண்டும். அதன் தண்டில் அறுபது பற்களுள்ள சக்கரம் ஒன்று. ஒவ்வொரு பல்லும் ஒரு காந்த உணரியைக் கடக்கும்போது ஒரு துடிப்பு எழும். கருவி அத்துடிப்புகளை எண்ணும், வேகம் ஒரு சிறிது மிகுந்தால் நீராவிக் கதவைச் சிறிது மூடும், குறைந்தால் திறக்கும். கதவைத் தள்ளுவது எண்ணெயின் அழுத்தம். எவ்வளவு தள்ளுவது என்று சொல்வது இந்தச் சிறு பெட்டி.

இப்பொறிக்குக் 'கவர்னர்' என்று பெயர். மாகாண ஆளுநரை எண்ணிவிடவேண்டாம். இவர் ஓயாது வேலை செய்பவர். 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டு இதே வேலையை வாங்கினார். எங்கள் பெட்டியைச் செய்த அமெரிக்க வுட்வர்ட் நிறுவனமோ 1870இல் நீர்ச்சக்கரங்களுக்குக் கவர்னர் செய்து தொடங்கியது. "இரணைமடுத் துருசைப்போலவா?" என்றாள் மகள். ஏறக்குறைய அப்படித்தான். வயல்கள் எல்லாம் திடீரென்று 'நீர் போதும்' என்றால் துருசை உடனே இறக்கவேண்டும். தாமதித்தால் வாய்க்கால் உடைப்பெடுக்கும்.

அத்தகைய இரவொன்றை ஆலையிற் கண்டேன். அரைவைக் காலம். வெளியே மின்தொடர் அறுந்தது. நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்த மின்சாரத்தை வாங்க ஆளில்லை. சுமை இறங்கிய காளைபோலச் சுழலி பாய்ந்தது. திரையில் 3000 என்றிருந்த எண் 3100 ஆயிற்று, 3170 ஆயிற்று. 3300ஐத் தொட்டால் வேறொரு காவற்கருவி நீராவியை அடியோடு அடைத்துவிடும். ஆலை முழுவதும் இருளும். அந்த எல்லையையும் மீறினாலோ அலகுகள் பிய்த்தெறியப்படும். எல்லாம் இரண்டொரு செக்கன்கள். எண் தயங்கிற்று, இறங்கிற்று, மீண்டும் 3000இல் வந்து நின்றது. ஆலையின் சொந்த விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டியதோடு சரி. அருகில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் குனிந்து பார்த்தேன். என் வலது கால் மிதிக்கட்டையை அமர்த்துவதுபோல் நிலத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் மகளுக்குச் சொல்லி முடித்தேன். வானொலி எரிந்த கதையை அவள் முன்பு கேட்டதில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அந்தச் செய்தியைப் பக்கத்துக் கொட்டிலிலை முழுக்கக் கேட்டவை. ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லையாம். நீ எரிக்காட்டியும் எங்களுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது" என்றார்.

"இதை ஏனம்மா இத்தனை வருசமாச் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே?"

மின்விசிறி மெல்லச் சுழலத் தொடங்கியது. மகள் எழுந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.