லாபி போட்டது நான்

'மாடர்ன் வார்ஃபேர் 2' ஆட்டத்தில் என் சித்தப்பா மகனை மாதக்கணக்கில் தோற்கடித்துக்கொண்டே இருந்தேன். அந்த வெற்றிகள் நேர்மையானவை அல்ல. அவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

2009 நவம்பரில் வந்த அந்த ஆட்டத்தின் கணினிப் பதிப்பில் டெடிகேட்டட் சர்வர் கிடையாது. விளையாடுகிறவர்களில் ஒருவருடைய கணினியே சர்வராகவும் ஓடும், அவர்தான் ஹோஸ்ட். நண்பர்களுக்குள் ஆடும்போது லாபி போடுகிறவர், அதாவது ஆட்டத்தைத் திறந்து மற்றவர்களைச் சேர்க்கிறவர், ஹோஸ்ட் ஆகிவிடுவார். எங்கள் கூட்டத்தில் லாபி போடுவது எப்போதும் நான்.

யார் சுட்டது யார்மேல் பட்டது என்று முடிவு செய்வது ஹோஸ்டின் கணினி. நான் சுட்டால் அந்தத் தகவல் எங்கேயும் போக வேண்டியதில்லை. தம்பி சுட்டால், மதுரையில் இருந்த அவனுடைய பிராட்பேண்ட் வழியாகச் சென்னையில் என் மேஜைக்கு வந்து சேர வேண்டும். சுவர் முனையில் நேருக்கு நேர் வருவோம், இருவரும் சேர்ந்தாற்போல் மவுஸை அழுத்துவோம். பத்தில் ஒரு நொடி பிந்தினாலும் போதும், அவன் விழுந்துவிடுவான்.

"சுட்டேண்ணே, படவே இல்லண்ணே!" என்று ஹெட்போனில் கத்துவான்.

"கை வேகம் பத்தலடா" என்பேன்.

ஒருநாள், தான் லாபி போடுவதாகக் கேட்டான். உன் லைன் தாங்காது, எல்லாருக்கும் கேம் தொங்கும் என்று தட்டிக்கழித்தேன். அவனுடைய அப்லோட் வேகம் குறைவு என்பது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பல வருடம் கழித்து 'வலோரண்ட்' ஆடத் தொடங்கினோம். அதில் நிறுவனத்தின் சர்வரே நொடிக்கு 128 முறை ஆட்டத்தைக் கணக்கிடுகிறது. சர்வருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் அனுகூலம் அங்கேயும் உண்டு. ஆனால் தீர்ப்பு ஆடுகிறவர் எவர் வீட்டிலும் இல்லை. எங்கள் இருவருக்கும் பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே பார்த்தேன், அவன் என்னைவிட வேகமாகச் சுடுகிறான். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் மற்றவர்களைக் குணப்படுத்தும் சேஜ் பாத்திரத்தையே எடுத்துப் பின்னால் நின்றான். ஏன்டா என்றேன்.

"எனக்குக் கை வேகம் பத்தாது, நீங்கதானண்ணே சொல்லுவீங்க."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

தம்பி, உன் கையில் எந்தக் குறையும் இல்லை. தாமதம் லைனில் இருந்தது. அது தெரிந்தேதான் பழியை உன்மேல் போட்டேன்.