விட்டுப்போன இனிஷியல்

எங்கள் சனத்துக்கு மதுரையில் இரண்டு பெயர். ஊர் வைத்தது பட்டுநூல்காரர். நாங்களே சொல்லிக்கொள்வது சௌராஷ்டிரர். வேலைக்குப் போன காலத்தில் இரண்டையுமே சொல்லாமல் ஓட்டியவன் நான். சென்னை ஆபீஸில் "நீங்க தெலுங்கா சார்?" என்று கேட்டால், "அப்படித்தான் வச்சுக்கங்களேன்" என்பேன்.

எங்களில் இனிஷியலின் முதல் எழுத்து வீட்டுப் பெயர். டி.எம்.சௌந்தரராஜனின் 'டி' தொகுளுவ. 'எம்'தான் அப்பா மீனாட்சி ஐயங்கார். வேலை விண்ணப்பத்தில் அந்த எழுத்தை நானாகவே விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. என்ன ஆளுங்க என்று கேட்பார்களே என்ற பயம்.

பயத்துக்கு அடியில் இருந்தது தறி. மகால் பக்கத்துத் தெருவில் எங்கள் வீட்டு முன்கட்டில் குழித்தறி. மழைக்காலத்தில் குழிக்குள் ஈரம் ஏறும். அப்பா சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து மிதிப்பார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களைத் திண்ணையோடு அனுப்பிவிடுவேன்.

வசதி வந்ததும் சௌராஷ்டிரர் என்ற பெயரின் பக்கம் சாய்ந்தேன். கல்யாண வீடுகளில் பெயர் விளக்கம் சொல்கிற ஆளானேன். 'சு' என்றால் நல்ல, 'ராஷ்டிரம்' நாடு. சுராஷ்டிரத்து மக்கள் சௌராஷ்டிரர். சோமநாதபுரம், தேவகிரி, விஜயநகரம், நாயக்கர் காலத்து மதுரை என்று வந்த வழியை ஒப்பிப்பேன். 1492-ல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் இன்றும் 'செஃபர்தி' என்று அந்த நாட்டின் எபிரேயப் பெயரிலேயே வாழ்வதையும் சேர்த்துக்கொள்வேன், எடுபடும். பட்டுநூல் என்று யாராவது ஆரம்பித்தால், அது வெளியார் வைத்த பெயர் என்று ஒதுக்கிவிடுவேன். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-ல் வந்த தர்ஸ்டன் தொகுப்பில் நாங்கள் 'பட்நூல்காரன்'தான் என்பதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

குஜராத்தின் லாட தேசத்திலிருந்து போன பட்டு நெசவாளர்கள் மந்தசோரில் சூரியன் கோயில் கட்டியதாக 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவர்களையும் எங்கள் முன்னோராகக் கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் கோயிலை மட்டும் சொல்வேன், நெசவைச் சொல்ல மாட்டேன். கல்வெட்டிலோ அவர்கள் தங்கள் பட்டைப் பற்றிக் கூச்சமே இல்லாமல் பெருமை அடித்துக்கொள்கிறார்கள்.

அம்மா டவுன் பஸ்ஸில் எங்கள் பாஷையில் பேசினால் தமிழில் பதில் சொல்வேன். ஒரு தடவை முறைத்தும் இருக்கிறேன். பிறகு வெளியிடங்களில் அவளும் என்னிடம் தமிழிலேயே பேசப் பழகிக்கொண்டாள்.

எங்கள் எழுத்து 2008-ல் யூனிகோடில் ஏறிவிட்டது. அதில் என் பெயரை எழுத எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குப் பேச்சே தெரியாது; தண்ணீருக்குப் 'பாணி' என்றால் இந்தி என்று நினைக்கிறார்கள்.