வெட்டப்பட்ட பந்தி

2008 ஆம் ஆண்டு எலிக்காய்ச்சல் இலங்கையை உலுக்கியபோது நான் பத்திரிகையொன்றின் செய்தி மேசையில் இருந்தேன். 7,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 200 பேர் வரையில் இறந்த ஆண்டு அது. நாள்தோறும் மாவட்டச் செய்தியாளர்கள் எண்ணிக்கைகளை அனுப்புவார்கள். நாங்களும் எண்ணிக்கைகளையே அச்சிட்டோம்.

பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்கு மச்சான் முறையான ஒருவர் இருந்தார். காலையில் இறப்பர் பால் வெட்டு. பிற்பகலில் மாணிக்கக்கல் குழியில் கூலிவேலை. எவ்வளவுதான் நீரை இறைத்தாலும் சேற்றில் நின்றே மண் அள்ள வேண்டும். எலியின் சிறுநீரோடு வெளியேறும் கிருமிக்குக் காலில் ஒரு சிறு கீறல் போதும். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தபோது, உழைத்த உடம்பின் அலுப்பு என்றெண்ணி நான்கு நாட்கள் பனடோல் விழுங்கியிருக்கிறார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றபோது சிறுநீர் நின்றுவிட்டிருந்தது.

கருமாதிக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் அவருடைய தாயார் கேட்டார்: "ஏன் தம்பி, எல்லாத்துக்கும் ஊசி இருக்கே, இதுக்கு மட்டும் இல்லையா?"

கேட்க அவருக்கு உரிமையுண்டு. மண்டபம் முகாம் வழியாக வந்த அவருடைய பெற்றோருக்கு அங்கேயே அம்மை குத்தினார்கள். இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகளைத் தம் இளமையில் கண்டவர் அவர். 1978 இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கிய பின்னர், பேரப்பிள்ளைகளை இடுப்பில் சுமந்து கிளினிக்குக்கு நடந்தவர். 1993 இன் பின் இந்நாட்டில் இளம்பிள்ளைவாதம் எவருக்கும் கண்டறியப்படவில்லை. ஊசியின்மேல் தோட்டத்துத் தாய்மாருக்குள்ள நம்பிக்கையை, படித்த நகரத்தவர் சிலரிடம் நான் கண்டதில்லை.

எலிக்காய்ச்சலுக்கு இங்கே மனிதருக்குப் போடும் ஊசி இல்லை. கியூபாவில் உண்டு. ஆயினும் கிருமியின் உள்வகைகள் 200க்கும் மேல். ஒன்றுக்கான ஊசி மற்றொன்றைத் தடுக்கும் என்பதற்கில்லை. ஆனால் குளிசை உண்டு. டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரு தடவை, சேற்றில் இறங்கத் தொடங்குமுன்பே. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் இலவசமாகவே கிடைக்கும். பூரண காப்பு என்று சொல்ல முடியாது; எனினும் உயிராபத்தைக் குறைக்கக்கூடியது. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மச்சானின் மனைவி காம்பராவிலிருந்து வெளியே வந்தார்.

"இத நீங்க பேப்பர்ல போட்டீங்களாண்ணே? அவரு தெனமும் ஒங்க பேப்பரத்தானே வாசிப்பாரு."

போட்டிருக்கவில்லை. செய்தியாளர் அனுப்பிய செய்தியின் கடைசிப் பந்தியில் அந்தக் குளிசை இருந்தது. விளம்பரத்துக்கு இடம் வேண்டி அதை வெட்டியவன் நான். அந்த வாசலில் அதைச் சொல்லும் துணிவு எனக்கிருக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்தே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

இரத்தினபுரி மாவட்டம் அண்மைய ஆண்டுகளிலும் இந்நோயின் பட்டியலில் முன்வரிசையிலேயே நிற்கிறது. மச்சானின் மகனும் குழியில்தான் இறங்குகிறான். மழை தொடங்கியதும் தொலைபேசியில் அழைப்பேன்.

"குடிச்சிட்டேன் மாமா" என்பான், குளிசையை.

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, உண்மைதானா என்று அவரிடமும் கேட்டுக்கொள்வேன்.