வைக்கோல் சேரும் தீவனத் தொட்டி

திருவருகைக் காலம் வந்தால் குடில் சாமான் எல்லாம் கடையிலேயே கிடைக்கும். வாங்கலாம், தப்பில்லை. ஆனாலும் பிள்ளைகள் கையால் செய்ததற்குத்தான் என் ஓட்டு.

எங்கள் வீட்டுத் தீவனத் தொட்டி ஒரு அட்டைப்பெட்டி. முதல் ஞாயிறன்று காலியாக வைப்போம். யாராவது சண்டையில் விட்டுக்கொடுத்தால், பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டால், ஒரு வைக்கோல் உள்ளே போகும். பாலன் இயேசுவை டிசம்பர் 24 இரவுதான் கிடத்துவோம். அதற்குள் மெத்தென்று ஆகவேண்டுமே என்று கடைசி வாரத்தில் சின்னவள் படும் பாடு! வேலை தேடித் தேடிச் செய்வாள். டிசம்பர் நடுவில் ஊறவைத்த கேழ்வரகை ஈரமணலில் தூவிவிடுவோம். விழாவுக்குள் குடிலைச் சுற்றிப் பசேலென்று பயிர்.

பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள்: மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஜா நிறம். இதற்கு முன்னோடி, 1839இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை ஏற்றிய யோஹான் விக்கெர்ன். அவர் லூத்தரன் இறையியலாளர். அவரிடமிருந்து நம் வீடுகளுக்கு இது வந்து சேர்ந்ததில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

தவக்காலத்துக்கு ஒரு பழைய பாட்டில் போதும். வெள்ளிக்கிழமை கறி வாங்காத காசு அதில் விழும், பிறகு தேவைப்படுகிறவர் கைக்குப் போகும்.

குருத்தோலைச் சிலுவையை மட்டும் தூக்கி எறியாதீர்கள். படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள். அடுத்த சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் கேட்பார்கள். அதை எரித்த சாம்பல்தான் நம் நெற்றிக்கு வரும்.