தாத்தாவின் மரத்தவளை

கல்வெட்டு பார்க்க உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் பராந்தக சோழன், குடவோலை, 921ஆம் ஆண்டு என்று எழுதிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே கல்வெட்டில் ஏரி வாரியமும் இருக்கிறது. அந்த ஏரியை யாரும் பார்ப்பதில்லை. நான் வளர்ந்தது ஏரிக்கரையில், தாத்தாவின் தூண்டில் பக்கத்தில்.

விராலுக்கு உயிர்த்தவளையை முள்ளில் மாட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தாத்தாவுக்கு அதற்கு மனசு வராது. (மீனைக் குத்தலாமா என்று கேட்டால் பதில் வராது!) கல்யாண முருங்கைக் கட்டையில் கட்டைவிரல் பருமனுக்குத் தவளை செதுக்குவார். பின்னங்காலுக்கு சைக்கிள் டியூப். குப்புற விழாமல் மிதக்க வயிற்றில் துளி ஈயம். விரால் மூச்சு வாங்க மேலே வந்தே தீரவேண்டிய மீன். அது வரும் இடம் பார்த்துப் போட்டு, இலை ஓரமாய்த் தத்தித் தத்தி இழுத்தால் ‘டப்’பென்று கவ்வும்.

முதலாமாண்டில் கண்காட்சிக்குப் பொருள் தேடியபோது எரவாணத்தில் ஒரு தவளை கிடைத்தது. கறுத்துப்போய், உடம்பெல்லாம் பல் தடம். ஒர்க்‌ஷாப் படித்த கை சும்மா இருக்குமா? உப்புத்தாள் போட்டேன். பல் தடங்களைப் பட்டி வைத்து அடைத்தேன். பச்சை எனாமல் இரண்டு கோட். எல்லோரும் பாராட்டினார்கள். பெருமையோடு தாத்தாவிடம் காட்டினேன்.

“நல்லாருக்குடா. எந்தக் கடையில வாங்கின?”

“தாத்தா... இது உங்க தவளை.”

வாங்கிப் பார்த்தார். இடப்பக்கம் கட்டைவிரலால் தடவினார். “இங்க ஒரு பள்ளம் இருக்குமே... உங்கப்பன் பொறந்த வருஷம் கடிச்ச விரால்டா அது.” அவ்வளவுதான் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் இதைப்பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெட்டன் என்பவரும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரத்தில் தவளைதான் செதுக்கியிருக்கிறார்! அவற்றில் மிஞ்சியவை சொற்பம். ஹாஸ்கெல் என்பவர் 1859இல் காப்புரிமை பெற்ற செம்பு மீன் ஒன்று 2003இல் ஏலத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போனது. விலை சொல்பவர்கள் முதலில் பார்ப்பது பழைய பூச்சு அப்படியே இருக்கிறதா என்பதைத்தான். மேலே புதுப் பெயிண்ட் அடித்தால் பெரும்பகுதி மதிப்பு போச்சு. யார் செய்தது, எந்தத் தண்ணீரில் போட்டது என்ற விவரம் தெரிந்தால் மதிப்பு கூடும். நான் செய்தது எல்லாமே தலைகீழ்.

எனாமலைச் சுரண்டலாமா என்று கேட்டேன். “வுடுடா, இன்னும் கட்டை தேஞ்சிடும்” என்றார்.

இப்போது என்னிடம் நாலு இருக்கின்றன. கழுவவில்லை, துடைக்கவுமில்லை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம்: செய்தவர், கட்டை, ஏரி, பிடித்த மீன். விற்கப் போனால் நம்மூரில் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். பச்சைத் தவளையும் அதோடுதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தாத்தா சொல்லச் சொல்ல எழுதினேன். பள்ளம் இருந்த இடத்தைப் படமாக அவரே போட்டுக் கொடுத்தார்.

உங்கள் வீட்டு எரவாணத்தில் இப்படி ஏதாவது கிடந்தால் தூசிகூடத் தட்டாதீர்கள். மெக்கானிக்கல் இரண்டாமாண்டில் வந்து சொல்லுங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.